பினாங்கு லிட்டில் இந்தியாவில் வண்டி நிறுத்தவும் சரக்கு இறக்கவும்: புதிதாகக் கடை எடுப்பவர்களுக்கு

லிட்டில் இந்தியாவில் புதிதாகக் கடை எடுப்பவர்கள் என்னிடம் கேட்பது வாடகை, லைசன்ஸ், வேலையாள் பற்றித்தான். சரக்கு எப்படி வந்து இறங்கும் என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆனால் கடை திறந்த முதல் மாதத்தில் ஆளை வாட்டி எடுப்பது அதுதான். லோரி வரும், நிற்க இடமிருக்காது. பின்னால் பத்து கார் ஹாரன் அடிக்கும். கடைப் பையன்கள் அரிசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். எல்லாம் முடிந்து பெருமூச்சு விடும்போது லோரிக் கண்ணாடியில் ஒரு தாள் செருகியிருக்கும்.

இருபது வருடத்துக்கு மேலாக இங்கே மளிகைக் கடை நடத்துகிறேன். ஆரம்பத்தில் நானும் கட்டாத கம்பவுண்ட், அதாவது அபராதம், இல்லை. தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். கடை வைப்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன் என்றாலும், வேன் ஓட்டுபவர்களுக்கும் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

முதலில் தெருவின் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். கடைத்தெரு என்று நம் பெரியவர்கள் சொல்லும் லெபோ பாசார், லெபோ பினாங்கு, லெபோ குயின், லெபோ கிங் (லெபோ என்றால் தெரு), எல்லாமே மாட்டு வண்டியும் கைவண்டியும் போன காலத்துத் தெருக்கள். 2008 ஜூலை 7ஆம் தேதி யுனெஸ்கோ இந்தத் தெருக்கள் இருக்கும் ஜார்ஜ்டவுனை மலாக்காவோடு சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அதனால் இரு பக்கமும் நிற்கும் பழைய கடைவீடுகளை இடித்துச் சாலையை அகலப்படுத்த வழியில்லை. அது நல்லதுதான், இந்தத் தெருக்கள் அழியாமல் இருப்பதால்தான் நமக்கு வியாபாரமே. ஆனால் இருக்கிற அதே அகலத்தில் கார், மோட்டார் சைக்கிள், பேச்சா என்ற சைக்கிள் ரிக்‌ஷா, சுற்றுப்பயணி, கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்கள், சரக்கு லோரி எல்லாம் அடங்க வேண்டும். இடத்தைக் கூட்ட முடியாது, நேரத்தைத்தான் பிரித்துக்கொள்ள முடியும். மாநகர் கழகம் போடும் விதிகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் வருபவைதான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் தெருவில் நடங்கள்

வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், கடை இருக்கும் தெருவில் மூன்று வேளை நடந்து பாருங்கள். காலை ஏழு மணி, மதியம் ஒரு மணி, மாலை ஆறு மணி. முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை மதியமும் போங்கள். 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. ஜும்ஆ தொழுகை நேரத்தில் சுற்றியுள்ள தெருக்களில் ஊசி நுழைய இடமிருக்காது. அந்த நேரத்தில் லோரியை வரச் சொல்பவர் யாராக இருந்தாலும் புதியவர் என்று தெருவே தெரிந்துகொள்ளும்.

நடக்கும்போது ஒரு சின்ன நோட்டில் படம் வரைந்துகொள்ளுங்கள். கடை வாசலில் மஞ்சள் கோடு இருக்கிறதா, ஒற்றையா இரட்டையா? வெள்ளைக் கட்டம் போட்ட நிறுத்துமிடம் எத்தனை அடி தள்ளி இருக்கிறது? சரக்கு இறக்கும் கட்டம் எங்கே? தீயணைப்புக் குழாய், பஸ் நிறுத்தம், பாதசாரி கடக்கும் இடம் எங்கே? தெரு ஒருவழியா, லோரி எந்த முனையிலிருந்து நுழைந்து எந்த முனையில் வெளியேற வேண்டும்? கடைக்குப் பின்சந்து உண்டா, அதில் வேன் நுழையுமா? எல்லாக் கடைக்கும் பின்சந்து இருக்காது. இருந்தால் அந்தக் கடைக்குக் கொஞ்சம் கூடுதல் வாடகை கொடுத்தாலும் தகும் என்பேன்.

பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சாலைப் பலகைகள் மலாயில் இருக்கும். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பத்துச் சொல் தெரிந்துகொண்டால் போதும்.

"டிலாராங்" என்றால் தடை. "டிலாராங் பெர்ஹெந்தி" என்றால் அங்கே நிற்கவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட. "டிலாராங் மெலெதாக் கெண்டெராஆன்" என்றால் வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைத்துத்தான் பலர் மாட்டுகிறார்கள். "மெமுங்கா" என்பது சரக்கு ஏற்றி இறக்குவது. அந்தச் சொல் எழுதிய கட்டம்தான் நமக்கு உயிர். "துண்டா" என்று கண்டால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அர்த்தம். "செஹாலா" ஒருவழி. "காஸ்" யாருக்கோ ஒதுக்கியது. "கெச்சுவாலி" என்றால் தவிர. இந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று கட்டாயம் படியுங்கள், ஞாயிறும் பொது விடுமுறையும் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். "இஸ்னின்" திங்கள், "சப்து" சனி, "அஹாட்" ஞாயிறு, "சூத்தி உமும்" பொது விடுமுறை. பினாங்குக்கென்று தனி விடுமுறைகள் உண்டு. ஜூலை 7, மரபு நாள், அதில் ஒன்று. கோலாலம்பூர் நாட்காட்டியைச் சுவரில் மாட்டிவிட்டு இங்கே வியாபாரம் செய்யாதீர்கள்.

கோடுகளைப் பொறுத்தவரை, இரட்டை மஞ்சள் கோட்டில் எந்த நேரத்திலும் வண்டியை விடாதீர்கள். ஒற்றை மஞ்சள் கோட்டில் கட்டுப்பாடு உண்டு, எப்போது, எதற்கு என்பதைப் பக்கத்துப் பலகை சொல்லும். சந்திப்பில் மஞ்சள் கட்டம் போட்டிருந்தால், மறுபக்கம் வெளியேற இடமிருந்தால் மட்டும் நுழையுங்கள். ஓகேயு என்று எழுதி, சக்கர நாற்காலிப் படம் போட்ட கட்டத்தில் "ரெண்டே நிமிஷம்" என்றுகூட நிறுத்தாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில் வந்து திரும்பிப் போகும் குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன். பாட்டியை மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டி வந்தவர்கள், இடமில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார்கள். கட்டத்தில் நின்றது ஒரு மீன் வேன்.

காருக்குக் காசு கட்டுவது

முன்பு கூப்பனைச் சுரண்டிக் கண்ணாடிக்குப் பின்னால் வைப்போம். இப்போது செயலிதான். பினாங்கு ஸ்மார்ட் பார்க்கிங், சுருக்கமாகப் பி.எஸ்.பி. 2019இல் வந்தது. தீவுக்கும் பெருநிலத்துச் செபெராங் பெறைக்கும் இதே செயலி போதும். பதிவு செய்து, பணம் ஏற்றி, வண்டி எண்ணைக் கொடுத்து, எவ்வளவு நேரம் என்று தேர்ந்தெடுத்தால் முடிந்தது. கண்ணாடியில் எதையும் ஒட்ட வேண்டாம். அதிகாரிகள் வண்டி எண்ணை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

அதனால் எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் நீங்கள் கட்டாதவர் கணக்கில்தான் வருவீர்கள். வீட்டில் இரண்டு வண்டி இருந்தால் எந்த வண்டி தேர்வாகியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு அழுத்துங்கள். தீவும் செபெராங் பெறையும் தனித்தனி ஊராட்சிகள், செயலியில் சரியான பகுதியைத் தேர்ந்தெடுங்கள். தினமும் ஒரே பகுதியில் நிறுத்துபவர்கள் மாதாந்திரப் பாஸைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வேலையாட்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: காரைக் கொண்டு வராதீர்கள். கடைக்கு முன்னால் இருக்கும் ஒரு கட்டத்தை நம் ஆளே காலையிலிருந்து மாலை வரை பிடித்துக்கொண்டால், பத்து வாடிக்கையாளர் திரும்பிப் போவார்கள். ஃபெர்ரி ஜெட்டியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். நகருக்குள் சுற்றும் இலவச கேட் பஸ்ஸும் இருக்கிறது.

சரக்கு இறக்கும் வேலை

இதில்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் லோரியின் அளவு. சப்ளையரிடம் ஆர்டர் கொடுக்கும்போதே எந்த லோரி வரும் என்று கேளுங்கள். பெறையிலிருந்தோ புக்கிட் மெர்த்தாஜாமிலிருந்தோ வரும் கம்பெனிகள் ஒரே பயணத்தில் எல்லாக் கடைக்கும் கொடுத்துவிட வேண்டும் என்று பெரிய லோரியை அனுப்பும். அது நம் தெருவில் திரும்பவே திணறும். சின்ன லோரியாக அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். முதல் ஆர்டரிலேயே சொன்னால் ஒத்துக்கொள்வார்கள், ஆறு மாதம் கழித்துச் சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

அடுத்து வழி. ஃபெர்ரியில் இப்போது காரோ லோரியோ ஏற்ற முடியாது, ஆட்களும் மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். அதனால் பெருநிலத்துச் சரக்கு எல்லாம் பாலம் வழியாகத்தான் வரும், 1985இல் திறந்த முதல் பாலமோ 2014இல் திறந்த இரண்டாவது பாலமோ. காலை வேலை நேரத்தில் பாலத்தில் மாட்டினால், ஏழு மணிக்கு வர வேண்டியது ஒன்பதரைக்குத்தான் வரும். ஒன்பதரைக்கு நம் தெருவில் வேறு கதை. பாலத்தை நெரிசலுக்கு முன்பே தாண்டிவிடும்படி நேரம் குறியுங்கள்.

என் அனுபவத்தில் காலை ஆறரையிலிருந்து எட்டுக்குள் இறக்குவதுதான் நல்லது. மற்றக் கடைக்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள், லெபோ பந்தாய் வங்கிகளுக்கு வரும் கூட்டமும் தொடங்கியிருக்காது. அதற்காகக் காலையில் எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைக் கோடு விடியற்காலையிலும் இரட்டைக் கோடுதான்.

சரக்கு இறக்கும் கட்டத்தில் நின்றால் அந்தப் பலகையில் உள்ள நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது இறக்குவதற்கான இடம், காத்திருப்பதற்கான இடம் இல்லை. இறக்கி முடித்ததும் லோரி கிளம்ப வேண்டும். டிரைவர் அங்கேயே விட்டுவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடப் போனால் அடுத்த கடை லோரி நடுத்தெருவில் நிற்கும். சாப்பாடு நானே வாங்கிக் கொடுக்கிறேன், வண்டியை எடுத்துவிட்டு வாருங்கள் அண்ணே என்று சொல்லிவிடுவேன்.

கடை வாசலில் நிற்க வழியில்லையென்றால் தள்ளுவண்டி வாங்குங்கள். நல்ல ரப்பர் சக்கரம் உள்ளதாக இரண்டு. நூறு மீட்டர் தள்ளிச் சட்டப்படி நிற்கும் லோரியிலிருந்து தள்ளிக்கொண்டு வருவதற்குச் சோம்பல்பட்டு வாசலில் இரண்டாவது வரிசையில் நிறுத்துவது நஷ்டக் கணக்கு. ஒரு கம்பவுண்ட் காசில் ஒரு தள்ளுவண்டி வாங்கிவிடலாம் என்று பழைய கடைக்காரர் ஒருவர் எனக்குச் சொன்னார். அன்று சாயங்காலமே போய் வாங்கினேன்.

லோரி வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே ஆட்கள் வாசலில் நிற்க வேண்டும். ஒருவர் லோரிக்கு மேலே, இருவர் தள்ளுவண்டியில், ஒருவர் கடைக்குள் அடுக்க. எண்ணிச் சரிபார்ப்பதைக் கடைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் நின்று பில்லையும் மூட்டையையும் ஒப்பிட்டால் கால்மணி நேரம் போய்விடும். லோரி பின்னால் வரும்போது ஒருவர் இறங்கி நின்று கை காட்டியே ஆக வேண்டும். காலையில் பள்ளிப் பிள்ளைகளும் கோயிலுக்குப் போகும் வயதானவர்களும் அந்த நேரத்தில்தான் கடக்கிறார்கள்.

பக்கத்துக் கடைக்காரரோடு பேசுங்கள். பருப்பும் எண்ணெயும் பல கடைகள் ஒரே சப்ளையரிடம்தான் எடுக்கிறோம். நான்கு கடைக்கும் ஒரே நாளில் ஒரே லோரி வரும்படி செய்துகொண்டால், வாரத்தில் நான்கு முறை தெரு அடைவதற்குப் பதிலாக ஒருமுறைதான். எங்கள் வரிசையில் மூன்று கடை அப்படிச் செய்கிறோம். லோரிக் கூலியும் கொஞ்சம் குறைந்தது.

சொந்தமாக லோரி வைத்துக்கொள்ள நினைத்தால், சரக்கு வண்டி ஓட்ட டிரைவருக்கு ஜி.டி.எல். லைசன்ஸ் வேண்டும். வண்டிக்கான அனுமதியும் தனி. சொந்தச் சரக்கு ஏற்ற சி லைசன்ஸ், கூலிக்கு மற்றவர் சரக்கு ஏற்ற ஏ லைசன்ஸ். சி வைத்துக்கொண்டு பக்கத்துக் கடைச் சரக்கைக் காசுக்கு ஏற்றினால் தப்பு. வாங்கும்போதே வண்டியின் எடைக்கு எது தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னும் இரண்டு தவறான நம்பிக்கைகள். டிரைவர் இருக்கையில் உட்கார்ந்திருந்தால் கம்பவுண்ட் போட மாட்டார்கள் என்பது ஒன்று, இரண்டு பக்கச் சிக்னலையும் போட்டுவிட்டால் எங்கேயும் நிற்கலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே உண்மை இல்லை. வண்டி மற்றவர்களுக்கு இடைஞ்சலாக நிற்பது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் குற்றம். உள்ளே ஆள் இருக்கிறாரா, விளக்கு மினுக்குகிறதா என்பது அதை மாற்றாது.

அஞ்சடியும் கடை வாசலும்

கடைக்கு முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதை நம் வாடகையில் சேர்ந்தது என்று நினைக்காதீர்கள். அது மழையிலும் வெயிலிலும் எல்லாரும் நடக்கும் வழி. அரிசி மூட்டை, பழக்கூடை, குளிர்பானப் பெட்டி என்று அடுக்கினால் 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 46ஆம் பிரிவு வரும். பொருளையும் எடுத்துக்கொண்டு போவார்கள். மோட்டார் சைக்கிளையும் அங்கே ஏற்றாதீர்கள், அதற்கென்று போட்ட கட்டத்தில் விடுங்கள். தள்ளுநாற்காலியில் வருபவர் உங்கள் மூட்டைக்காகச் சாலையில் இறங்க வேண்டியிருந்தால், பின்னால் வரும் லோரி யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

வாசலில் உள்ள நிறுத்துமிடத்தில் நாற்காலி, பூச்சட்டி, சிமெண்ட் ஊற்றிய வாளி வைத்து இடம் பிடிப்பதும் இதே குற்றம். முப்பது வருடக் கடைக்காரர்கள் செய்வதைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். தனி இடம் தேவையென்றால் மாநகர் கழகத்திடம் விண்ணப்பித்துக் கேளுங்கள். அதேபோல, இங்கே நிறுத்துங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று காசு கேட்பவரை நம்பிக் கொடுத்தால் அது கட்டணம் ஆகாது. அப்புறம் பி.எஸ்.பி.யிலும் கட்ட வேண்டியதுதான்.

தாள் வந்துவிட்டால்

முதலில் யார் கொடுத்தது என்று பாருங்கள். மாநகர் கழகம், போக்குவரத்துப் போலீஸ், சாலைப் போக்குவரத்து இலாகா என்ற ஜே.பி.ஜே., மூன்றும் வேறு வேறு. ஓரிடத்தில் கட்டினால் மற்றதில் தீராது. மாநகர் கழகத்தின் கம்பவுண்டைக் கொம்தார் கட்டடத்தில் உள்ள முகப்பிலோ இணையத்திலோ கட்டலாம். போலீஸ் சம்மனை மைபாயார் பி.டி.ஆர்.எம். தளத்தில் பார்க்கலாம். ஜே.பி.ஜே. சம்மனுக்கு மைஜேபிஜே செயலி.

கம்பவுண்ட் என்றால், நீதிமன்றம் போகாமல் இந்தத் தொகையோடு முடித்துக்கொள்கிறாயா என்று கேட்பதுதான். ஒத்துக்கொண்டால் கட்டுங்கள். நியாயமில்லை என்று பட்டால் கெடுவுக்குள் எழுத்தில் முறையிடுங்கள். பலகை மரக்கிளையில் மறைந்திருந்தது, கோடு அழிந்திருந்தது என்றால் அன்றே படம் எடுத்து வையுங்கள். நாள், மணி, தெருப் பெயர் எல்லாம் படத்தோடு இருந்தால் உங்கள் பேச்சுக்கு வலு வரும். எதுவும் செய்யாமல் மேசை இழுப்பறையில் போட்டுவைப்பதுதான் மோசம், ஒரு நாள் நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரும். லோரி சப்ளையருடையதாக இருந்தால் கம்பவுண்டை யார் கட்டுவது என்று ஆர்டர் தொடங்கும்போதே பேசிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நல்ல உறவுகள் முறிந்திருக்கின்றன.

சக்கரத்தில் கிளாம்ப் போட்டிருந்தால் ஆத்திரத்தில் உடைக்கப் பார்க்காதீர்கள், அது புதுக் குற்றம். ஒட்டியிருக்கும் தாளில் உள்ள எண்ணுக்கு அழைத்து, கட்டணம் கட்டி, எடுக்கச் சொல்லுங்கள். வாக்குவாதத்தை வண்டி வெளியே வந்த பிறகு முறையீடாக எழுதலாம்.

தெரு மாறும் நாட்கள்

கடையைப் புதுப்பிக்கும்போது குப்பைத் தொட்டியைச் சாலையில் இறக்க அனுமதி வாங்குங்கள். திறப்பு விழாவுக்குப் பந்தல் போடுவதென்றால் மாநகர் கழகத்துக்கும் போலீசுக்கும் முன்கூட்டியே எழுத வேண்டும். முதல் நாள் போய்க் கேட்டால் நடக்காது. சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் சமயங்களில் கனரக வாகனங்கள் சாலையில் ஓடச் சில நாட்களுக்குத் தடை வரும், அறிவிப்பைப் பார்த்துச் சரக்கை முன்னாலேயே இறக்கிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முன் வாரங்களில் நம் தெருக்களில் நடக்கவே இடமிருக்காது. அந்த மாதம் முழுக்க விடியற்காலைச் சரக்குதான்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது தைப்பூசம். லெபோ பினாங்கு கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதமும், 2017 முதல் லெபோ குயின் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் முருகன் கோயில்கள் இருக்கும் தண்ணீர்மலைக்குப் புறப்படுகின்றன. போகும் நாளில் மட்டும் இல்லை, ரதம் திரும்பும் நாளிலும் சாலைகள் மூடப்படும். வழியெங்கும் தேங்காய் உடைப்பதால், ரதம் போன பின்பும் சாலையைச் சுத்தம் செய்து திறக்க நேரமாகும். ரதத்துக்கு உடைக்கும் தேங்காய்க்கே நம்மிடம்தான் ஆர்டர் வரும், லோரி லோரியாக. அந்த லோரியை நான் நான்கு நாள் முன்னதாகக் காலை ஆறரைக்கு வரச் சொல்லி, கடைக்குப் பின்னால் அடுக்கிவிடுவேன். இரண்டு நாள் முன்பு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வருடம் இருந்துவிட்டு, ஜெட்டிப் பக்கம் லோரியை நிறுத்தித் தேங்காய் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் இரவு பதினொன்றரை வரை தள்ளினோம்.